பின்னால் இரண்டு சக்கரம்

"பின்னாடி ரெண்டு சக்கரம் வச்சு ட்ரைக்கா மாத்திடலாங்க."

"மூணு சக்கரமா? அதுக்கு நான் பஸ்லயே போயிடுவேன்!" என்று கத்தித் தீர்த்தார் கணவர். முழங்கால் வலியில் அந்தக் கனத்த டூரிங் பைக்கை சிக்னலில் சாய்த்த பிறகும் வீராப்புக்குக் குறைச்சலில்லை.

அடுத்த வாரம் வண்டியை சர்வீஸுக்கு விட்டார்; ஒரு மாதமாகியும் அது திரும்பவில்லை. அவருக்குத் தெரியாமல் மனைவி பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினாள்.

முதல் பட்டறைக்காரர் என்ன வண்டி என்றுகூடக் கேட்காமல், "ஜமாய்ச்சிடலாம்" என்றார். இரண்டாமவர் வேலை நடக்கும் இடத்தைக் காட்டவே மறுத்தார்.

மூன்றாமவர், "ஓட்டுறவர் வந்து உட்கார்ந்து பார்க்காம வண்டியில கை வைக்க மாட்டேம்மா" என்றார்.

அவளுக்கு நம்பிக்கை வந்தது. "ஆனா, அவர்தான் பிடிகொடுக்க மாட்டேங்கிறாரே!"

"எல்லாரும் முதல்ல அப்படித்தான். எங்ககிட்ட மாத்தின ஒரு சார்கிட்ட பேசுங்க. ரிவர்ஸ் கியர் போட்டுப் பார்த்துட்டுக் குழந்தை மாதிரி குதிச்சாரு. வீட்டுல எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றதுன்னு தெரியாம வண்டிய இங்கேயே விட்டு வச்சிருக்காரு."

பட்டறைக்காரர் எண்ணைச் சொல்லச் சொல்ல அவள் கைபேசியில் அழுத்தினாள். பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீதியை அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மறுமுனையில் கணவர் எடுத்தார். "என்னம்மா? வண்டி இன்னும் சர்வீஸ்லதான் இருக்கு. ஒரு வாரமாவது ஆகும்."

"ஆகட்டுங்க" என்றாள். "ரிவர்ஸ் கியர் நல்லா விழுதா?"