இரண்டு நாள் பயிற்சி

மதியச் சாரல் ஐந்தருவி வாகன நிறுத்தத்தை நனைத்துக்கொண்டிருக்கிறது. பழைய மாருதிக்குள் ஷமீம் பானுவும் கணவர் இஸ்மாயிலும் ஒரே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோயம்புத்தூர் ரேஸ் டிராக்கில் புதியவர்களுக்கு இரண்டு பயிற்சிகள் இருக்கின்றன. ஒன்றில் பயிற்சியாளர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வரலாம். மற்றதில் இரண்டு நாளும் நாமே வேகமாக ஓட்டிப் பழக வேண்டும். "பக்கத்துல உக்காருறது போதும் பானு. அந்த வேகம் உனக்குத் தாங்காது" என்கிறார், இருபத்தாறு வருட துபாய் வாழ்க்கையை முடித்துப் போன மாதம் திரும்பிய இஸ்மாயில். அவள் ஸ்டியரிங்கின் தேய்ந்த விளிம்பைத் தடவுகிறாள். "ஒவ்வொரு லீவு முடிஞ்சதும் உங்களத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுல விட்டுட்டு, ஆரியங்காவு வளைவெல்லாம் தனியா ஓட்டிட்டு வந்தவ நான். ஒரு கண்ணாடியக்கூட எறக்க மாட்டேன். உங்க அத்தர் வாசம் போயிரும்லா." "அழுதியாட்டி?" என்று அவர் மெதுவாகக் கேட்கிறார். "புனலூர் தாண்டுற வரைக்கும்." இஸ்மாயில் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கைக்குட்டையால் துடைக்கிறார். அவள் விரல் இரண்டு நாள் பயிற்சியைத் தொடுகிறது. பெயரை அடித்து முடிப்பதற்குள் அவர் சொல்கிறார்: "நீ ஓட்டும்போது பக்கத்துல நான் உக்காரலாமான்னு கேளு."