பாலத்தடி ஓநாய்

“ஆறு மணி வரைக்கும்தான் மச்சான். அதுக்குப் பிறகு ஆரும் ஆரையும் சும்மா போய் வெட்டேலாது!”

அரியரத்தினம் இதைச் சொன்னபோது திங்கட்கிழமை பின்னேரம் ஐந்தே கால். ஒபர்வில்லியே கிட்டங்கியில் மூட்டை தூக்க வேண்டியவன், இடுப்பு வலி என்று டொக்டரிடம் லீவுத் துண்டு வாங்கி, அதை வேலையிடத்துக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தான். நண்பனின் கடைசிச் சண்டையைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பலில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் இராஜேந்திரன், கடைக்கு மேலே உள்ள வீட்டில், கணினிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தான். வயது நாற்பத்தெட்டு. இணைய விளையாட்டில் வாள் எடுத்து ஒன்பது வருடம்.

ஒரு காலத்தில் அந்த விளையாட்டின் காடு மேடெல்லாம் சண்டைதான். பூப்பறிக்கப் போனவன்கூட முழுசாகத் திரும்பமாட்டான். இப்போது வருகிறவர்கள் மீன் பிடிக்கிறார்கள், வீடு கட்டுகிறார்கள், குதிரைக்குச் சாயம் பூசுகிறார்கள். வழியில் யாராவது வெட்டினால் உடனே முறைப்பாடு எழுதுகிறார்கள். கொம்பனியும் எவ்வளவு காலம்தான் பொறுக்கும்? இன்று ஆறு மணியிலிருந்து புதுச் சட்டம். சண்டை வேண்டுமென்றால் அழைப்பு அனுப்ப வேண்டும். மற்றவன் சம்மதித்தால்தான் வாளை உருவலாம்.

“வெட்டுக்குத்துக்கும் காட் அனுப்பிக் கூப்பிடோணுமோ? என்ன கண்டறியாத சட்டம்!” என்று பொருமினான் இராஜேந்திரன்.

அவனுக்கு இனி ஒரே ஓர் ஆசைதான். பாலத்தடியில் காத்திருக்கும் அந்தக் கறுப்பு ஓநாயை ஒரு தடவை, ஒரேயொரு தடவை சாய்க்க வேண்டும். ஓநாய் வேடத்துக்குள் இருப்பது யாரென்று தெரியாது. எதிரணிக்காரனோடு பேச அந்த விளையாட்டில் வழியில்லை, ஏசக்கூட முடியாது. எட்டு வருடத்தில் அது அவனை இருநூற்றுப் பதினான்கு தடவை கொன்றிருந்தது.

“பக்கத்திலை நானும்தான் நிக்கிறன். என்னைத் திரும்பியும் பாக்கிறானில்லை. உன்னை மட்டும்தான் தேடி வெட்டுறான்,” என்றான் அதே விளையாட்டை ஆடும் அரியரத்தினம், கொஞ்சம் மனவருத்தத்தோடு.

“எல்லாம் பேரைப் பாத்த எரிச்சல். ‘இணுவில் ராசன்’ எண்டு ஊர்ப் பேரோடை கம்பீரமா வைச்சிருக்கிறன் எல்லே? வெள்ளைக்காரனுக்குப் பொறுக்கேல்லை.”

தேநீரோடு வந்த தில்லைநாயகிக்கும் பொறுக்கவில்லை. “இந்த ஓநாய்க்குப் பின்னாலை திரியிற நேரத்திலை காவாசியை உங்கடை அண்ணைக்குக் குடுத்திருந்தா, எட்டு வருசம் கதை பேச்சு இல்லாமல் இருந்திருப்பியளோ?”

“நான் ஏன் முதல் கதைக்க? மகள் பெரிசாகி வைச்ச சாமத்தியவீட்டுக்கு அவருக்குக் காட் அனுப்பினனான்தானே. வரேல்லை.”

“தபாலிலை அனுப்பினியள்! கூடப்பிறந்தவருக்கு ஆரும் தபாலிலை அனுப்புவினமோ? நேரிலை போயெல்லோ சொல்லோணும்.”

“அண்டைக்குக் கிறேவ், வேலைநிறுத்தம். ரயில் ஓடேல்லை.”

“எட்டு வருசமாவோ ஓடேல்லை?”

இராஜேந்திரன் திரைப்பக்கம் திரும்பினான். ஐந்து ஐம்பதுக்குப் பாலத்தடியில் ஓநாய் வந்தது. “விடாதை! இடப்பக்கம்! இடப்பக்கம்!” என்று அரியரத்தினம் வலிக்கிற இடுப்பையும் மறந்து துள்ளினான். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு இராஜேந்திரன் இருநூற்றுப் பதினைந்தாவது தடவையாகச் செத்தான். உயிர் திரும்பி, மலையிறங்கி, மூச்சிரைக்க ஓடி வந்தபோது ஆறு மணி. வாள் வரவில்லை.

திரையில் புதிதாக ஒரு பொத்தான் முளைத்திருந்தது. ‘சண்டைக்கு அழை.’ அழுத்தினான். ‘மறுத்துவிட்டார்’ என்று வந்தது. மறுபடி அழுத்தினான். மறுத்துவிட்டார். ஏழு தடவையும் அதே பதில். ஆனால் ஓநாய் போகவும் இல்லை. பாலத்து நடுவில் குந்தியிருந்து அவனையே பார்த்தது.

இராஜேந்திரனுக்கு அழுகை வந்துவிட்டது. மனைவி பார்க்கிறாளே என்ற வெட்கமும் இல்லாமல் அழுதான்.

“விடு மச்சான்,” என்று தோளைத் தட்டினான் அரியரத்தினம். “அவன் அப்பிடித்தான், எனக்கும் ஒரு நாள் வாய்க்கேல்லை. போன வருசம் ஊரிலை உன்ரை அம்மா செத்தாப் பிறகு, துடக்கெண்டு நீ விளையாடாமல் இருந்தாய் எல்லே?”

“ஓம். அந்தியேட்டி முடியுமட்டும். முப்பத்தொரு நாள்.”

“நீ இல்லாத நேரம் நானாவது ஒரு கை பாப்பமெண்டு முப்பத்தொரு நாளும் பாலத்தடியிலை போய் நிண்டன். ஒரு நாளும் வரேல்லையடா அந்த ஓநாய்! நீ திரும்பி வந்த அண்டைக்குத்தான் அவனும் வந்தான்.”

இராஜேந்திரனின் அழுகை சட்டென்று நின்றது. அரியரத்தினத்தைப் பார்த்தான். பாலத்தில் குந்தியிருந்த ஓநாயைப் பார்த்தான். பிறகு எழுந்து, ஆணியில் கிடந்த கோட்டை எடுத்து மாட்டினான்.

“எங்கை வெளிக்கிடுறியள்?” என்றாள் தில்லைநாயகி.

“இண்டைக்கு ரயில் ஓடுதுதானே?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியிறங்கினான்.

ஏழரை மணிக்கு, கூசேன்வில்லில் அவன் மணி அடித்த வீட்டுக் கதவு திறந்தது. கழுத்தில் ஹெட்போன் தொங்க, எட்டு வருடமாகப் பேசாத அண்ணன் மகாலிங்கம் நின்றார்.

“அண்ணை... பாலத்தடிக்கு, சண்டைக்கு, நீங்கள் கட்டாயம் வரோணும்,” என்றான் இராஜேந்திரன்.

“பொத்தானை அமத்திக் கூப்பிட்டா நான் வருவனோடா? இப்பதான் முறையாச் சொல்லியிருக்கிறாய்,” என்று தம்பியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார் ஓநாய். “வா, முதல் சாப்பிடு, பிறகு வெட்டிறன்.”