ஆறு மணி நேர உறை

கணவரின் செயலற்ற வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள் விசாலாக்ஷி மாமி. தி. நகர் சிகிச்சை மையத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்ப்பாள் என்று உச்சுக்கொட்டுவார்கள். பயிற்சி தருகிற மஹ்விஷுக்கு மட்டும் கை தேறவில்லையே என்ற கவலை.

பக்கவாதம் வந்து சுந்தரராமனுக்குக் கையும் போய், பேச்சும் போய் நாலு மாதம். தலையில் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டிவிட்டு, சூட்டோடு சூடாகக் கைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வீட்டில் நல்ல கையை உறைக்குள் அடைத்துவைக்க வேண்டும். அப்போதுதான் சோம்பிக் கிடக்கிற கை வேலைக்கு வரும்.

ஐந்தாம் நாள் ஆள்காட்டி விரல் லேசாக அசைந்தது. மாமி விருட்டென்று இரண்டடி பின்வாங்கினாள். சந்தோஷத்தில் திக்குமுக்காடிவிட்டாள் என்று மஹ்விஷ் நினைத்தாள்.

அதோடு சரி. இன்று பத்தொன்பதாம் நாள். நாளைக்கும் அசையாவிட்டால் நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று.

"மாமி, வீட்டுல தினம் உறை போடறீங்கதானே?"

மாமி முகத்தைத் திருப்பினாள். "இந்தப் பக்கம் வந்து சொல்லும்மா. இடது காது சுத்தமாக் கேக்காது."

மஹ்விஷ் மறுபக்கம் வந்து திரும்பவும் கேட்டாள்.

"ஆறு மணி நேரம் போடறேன். ஒரு நாள் விட்டதில்லே."

பின்னே கை ஏன் வரவில்லை? சாயங்காலம் மயிலாப்பூர் வழியாகப் போன மஹ்விஷ், சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் வீட்டு மணியை அடித்தாள்.

உள்ளே சுந்தரராமன் இடது கையில் ஸ்பூனைப் பிடித்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உறை வலது கையில் இருந்தது. மஹ்விஷைக் கண்டதும் அதைக் காட்டி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

பத்தொன்பது நாள் பாடும் வீண்.

"தப்பு என்னுதுதான் மாமி. முதல் நாள் உங்க இடது பக்கம் நின்னு சொல்லியிருப்பேன், காதுல விழுந்திருக்காது. உறையை நல்ல கைக்குப் போடணும். வலது கைதான் வேலை செய்யணும், அப்பத்தான் முன்ன மாதிரி ஆகும்."

மாமி அவர் வாயோரம் ஒட்டியிருந்த உப்புமாவைத் துடைத்துவிட்டாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"நீ சொன்னது நன்னாக் கேட்டுதும்மா. என் காதை அறைஞ்சு செவிடாக்கினது அந்தக் கைதான்."