மூக்கில் ஒரு வெள்ளிப் பறவை

“சப்தம் ஏதாவது கேக்கறதா ஓய்?” என்று பெருமையாகக் கேட்டார் சேஷன்.

கோட்டைத் தெருவே காதைப் பொத்திக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற வாடகைக் கார் அப்படித் தடதடத்தது.

“கேக்காது. அதான் ஒசந்த காரோட லட்சணம். உம்மோடது மாதிரி தகர டப்பான்னு நினைச்சீரா?”

பக்கத்து வீட்டுச் சாம்பசிவன் மேல்துண்டை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினார். அங்கே நின்றதும் அவருடைய ‘தகர டப்பா’வின் கூடப்பிறப்புதான்.

மராமத்து இன்ஜினீயர் சேஷனுக்குக் கண் போய் ஒரு வருஷம். மதராஸில் ஆபரேஷன் செய்தும் பலனில்லை. அதற்கு முன்பு வாயைத் திறந்தால் கார்ப் பேச்சுதான். சீமையிலிருந்து வந்த அவருடைய நீளக் கார், மூக்கில் வெள்ளிப் பறவையோடு திரும்பினால் தெருவே வாசலுக்கு வரும்.

“காருக்கும் குலம் கோத்திரம் உண்டு ஓய். சப்தத்தை வெச்சே சொல்லிடுவேன்” என்பார்.

அந்தக் கார் கைமாறி ஆறு மாதமாகிறது. அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. காரை வாங்கியவரிடம் பழைய டிரைவர் தங்கப்பன் பறவையை மட்டும் கெஞ்சி வாங்கிவிட்டான். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் தன் வாடகைக் காரில் அதைத் திருகி வைத்துக்கொண்டு வருவான். சேஷன் அதைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறுவார்.

“சாமி, தலை...” என்று தங்கப்பன் சொல்வதற்குள் சேஷன் நன்றாகக் குனிந்து உள்ளே போய்விட்டார். சாம்பசிவனும் ஏறிக்கொண்டார்.

“வாலாம்பா, மெத்தை என்னமா அமுங்கறது! நீயும் வாயேன்!”

“எனக்கு உள்ளே வேலை இருக்கு. நீங்க போயிட்டு வாங்கோ” என்றாள் வாசலில் நின்ற மனைவி. தங்கப்பனிடம் கிளம்பும்படி சைகை காட்டினாள்.

சங்குமுகம் கடற்கரையில் தங்கப்பன் இளநீர் வாங்கப் போனான். பத்து வருஷக் கேலி சாம்பசிவன் நெஞ்சில் கொதித்தது. இன்றைக்கு விடுவதில்லை.

“என்னமோ குலம் கோத்திரம்னீரே! ஒரு பறவையை ஒட்டினா உமக்கு எல்லாம் ஒசந்த கார்தான். ஓய், இது உம்ம காரே இல்லை!”

சேஷன் அவசரமாக அவர் கையைப் பற்றினார்.

“மெதுவா. தங்கப்பன் காதுல விழப்போறது.”

“அப்போ... உமக்குத் தெரியுமா?”

“இந்தத் தடதடப்பு செவிடனுக்கும் கேக்குமே ஓய். ஏறின அன்னிக்கே தெரியும்.”

“பின்னே ஏன் இந்த வேஷம்?”

சேஷன் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என் கண் ஆபரேஷனுக்காகத்தான் வாலாம்பா காரை வித்தா. கண் வரலை. காரும் போச்சுன்னு எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அவ செத்தே போயிடுவா.”



திரும்பி வந்து இறங்கியதும், சேஷன் தடவித் தடவி அந்தப் பறவையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்:

“வாலாம்பா, கண் போனா என்னடி, நம்ம கார் இருக்கே!”