எதிர்க்காற்றும் தடித்த காலணியும்

செப்டம்பர் ஆறாம் நாள், சனிக்கிழமை. வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தது. மழை பெய்யவில்லை, காற்றோ ஓயவில்லை.

பெண்கள் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்திற்குச் சிறிது நேரமே இருக்கையில், தீக்குச்சி என்ற பட்டப்பெயர் கொண்டவள், நெட்டை என்ற பட்டப்பெயர் கொண்டவளின் காலடியில் மண்டியிட்டு, அவளுடைய காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாண்டுகளாக முகம் கொடுத்துப் பேசாத இரு கல்லூரி வீராங்கனைகளும் ராசியாகிவிட்டார்கள் என்று பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள்.

"என்னடி இது அதிசயம்? இன்னிக்கு மழை கொட்டத்தான் போகுது" என்றாள் நெட்டை.

"நாடா அவிழ்ந்து தடுக்கி விழுந்துடாதே. அப்புறம் நான் யாரைத் துரத்துறது?" என்று சிரித்தாள் தீக்குச்சி. அவளுடைய கட்டைவிரல் மட்டும் அந்தக் காலணியின் அடிப்பாகத்தை அளந்துகொண்டிருந்தது.

எழுந்தவள் நேராகத் தன் பயிற்சியாளரிடம் சென்றாள். அவர் அவளுடைய சித்தப்பாவும் ஆவார்.

"சித்தப்பா, அவ போட்டிருக்கிறது ரோட்டுல ஓடுற ஷூ! உள்ளே தகடு வெச்சு மெத்தை மாதிரி இருக்கு. டிராக்குல இவ்வளவு தடிமன் கூடாதுல்ல?"

"கூடாதுதான். ஓடிட்டு வந்த பிறகுதான் அளப்பாங்க. ஆனா நீ இப்பவே போய்ச் சொல்லலாம்."

"எதுக்கு? காத்து எப்படி அடிக்குது பாருங்க. அவ முதுகு எனக்குச் சுவர் மாதிரி. ஓடட்டும், ஜெயிக்கட்டும், எல்லாரும் கை தட்டட்டும். அப்புறம் சொல்லிக்கிறேன்."

"ரொம்ப விவரம்தான். ஆனா அந்தத் தலைமை நடுவர் அம்மா காது கொடுத்துக் கேக்கணுமே?"

"கேப்பாங்க. மத்தியானம் ஆம்பளைங்க ஓட்டத்துல பாத்தீங்கல்ல? அண்ணன்காரன் கூட்டத்துலேருந்து குதிச்சு வந்து தம்பிக்கு முன்னாடி வேகம் காட்டி ஓடினான். போட்டியில இல்லாத வெளியாள் பின்னாடி ஓடினதுக்காக, ஜெயிச்ச தம்பி பேரையே எடுத்துட்டாங்க. அழுதான், காலைப் பிடிச்சான். அந்தம்மா அசையவே இல்லை. எனக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேணும்."

ஓட்டம் தொடங்கியது. முதலில் வருபவருக்கே பல்கலைக்கழக அணியில் இடம். தீக்குச்சிக்கு இதுவே கல்லூரியின் கடைசி ஆண்டு. இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

நெட்டையின் முதுகை அவள் தன் தாயின் முகத்தைக் காட்டிலும் நன்கு அறிவாள். எத்தனை போட்டிகளில் அந்த முதுகைப் பார்த்தே இரண்டாவதாக வந்திருக்கிறாள்! சலனமில்லாத அந்தத் தோள்கள், களைப்பறியாத அந்தக் கழுத்து, இப்போது பந்தைப் போல் எம்பும் அந்தக் கால்கள். ஒவ்வொன்றும் அவள் வயிற்றில் நெருப்பை மூட்டியது. ஆயினும் ஓர் அடியும் விலகாமல் அந்த மறைவிலேயே ஓடினாள். மற்ற பெண்கள் அரைச் சுற்றுக்கும் மேல் பின்தங்கினார்கள்.

நெட்டை முதலாவதாக வந்தாள். மைதானமே எழுந்து நின்று கை தட்டியது. தீக்குச்சி மூச்சு வாங்கக்கூட நிற்காமல் நடுவர் மேசைக்கு ஓடினாள்.

தலைமை நடுவர் காலணியைக் கழற்றச் சொல்லி அளந்தார். தடிமன் அளவை மீறியிருந்தது.

"காலையில என் ஸ்பைக் ஷூ வாய் பிளந்துடுச்சு மேடம். கையில இதுதான் இருந்துச்சு" என்றாள் நெட்டை, தலை குனிந்து.

"சரி, முதல் இடம் உனக்குக் கிடையாது. ஆனா ஓடினது ஓடினதுதான். இடம் இல்லாம, உன் நேரம் மட்டும் இந்த முடிவுப் பலகையில இருக்கும்" என்ற நடுவர், தீக்குச்சியின் பக்கம் திரும்பினார். "முதல் இடம் உனக்கும்மா."

சித்தப்பா துள்ளிக் குதித்தார். தீக்குச்சியோ பலகையையே வெறித்துக்கொண்டிருந்தாள். அங்கே நெட்டையின் நேரம் இன்னும் தன்னுடையதற்கு மேலேயே இருந்தது. நாளைக்கு எல்லாரும் அதைத்தானே பேசுவார்கள்?

"அது ஏன் மேடம் இருக்கணும்? தப்பான ஷூ போட்டவங்களைப் போட்டியிலேருந்தே நீக்கணும்னு கேக்கிற உரிமை எனக்கு இருக்குல்ல?"

"இருக்கு. ரெண்டாவது வந்தவங்க கேட்டா, தப்பான ஷூ போட்டவங்க போட்டியில சேரவே இல்லைன்னு ஆக்கிடலாம். ஆனா அது தேவையாம்மா?"

"விடுடி! அதான் ஜெயிச்சாச்சே. வா, வீட்டுக்குப் போலாம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார் சித்தப்பா.

"நீங்க சும்மா இருங்க சித்தப்பா! மேடம், ஷூவைத் தவிர எனக்கும் அவளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. முதல் சுத்துலேருந்து கடைசிச் சுத்து வரைக்கும் அவ முதுகை ஒட்டியேதான் ஓடினேன். மைதானமே பாத்துச்சு. அவ பேரே இங்க இருக்கக் கூடாது!"

நெட்டையின் கண்கள் கலங்கின. அதைக் கண்ட தீக்குச்சிக்கு மூன்றாண்டுகளில் முதன்முறையாக வயிறு குளிர்ந்தது.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"நல்லா யோசிச்சாச்சு. விதின்னா விதிதானே மேடம்?"

தலைமை நடுவர் பெருமூச்செறிந்து எழுந்தார். நெட்டையின் பெயரைத் துணியால் அழுத்தித் துடைத்தார். அது தடயமின்றி மறைந்தது. துணியை அவர் கீழே வைக்கவில்லை. அதே துணி அடுத்த வரிக்கும் நகர்ந்தது. சரியாக மாலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடத்திற்குத் தீக்குச்சியின் பெயரும் பலகையில் இல்லாமல் போயிற்று.

"மேடம்! என் பேரை எதுக்கு அழிக்கிறீங்க?" என்று அலறினாள் அவள்.

நடுவர் துணியை உதறியவாறே கேட்டார்:

"அவ போட்டியிலயே இல்லைன்னா, நீ யார் பின்னாடிம்மா ஓடினே?"