பெயருக்குப் பின்னால்

“பதினோரு இடத்துல வெட்டியிருக்கா சார்! ஈவு இரக்கமே இல்லாம வெட்டியிருக்கா!”

பேராசிரியர் போட்ட கூச்சலில் வாசல் காவலாளியே உள்ளே எட்டிப் பார்த்தார். வெட்டுப்பட்டது ஆள் இல்லை, ‘பிஎச்.டி.’தான். மின்நூலில் பேராசிரியரின் பெயர் வந்த இடமெல்லாம் வாலாகத் தொங்கிய பட்டத்தைப் பதிப்பகத்தின் பிழைதிருத்துபவள் நறுக்கித் தள்ளியிருந்தாள்.

“ஏம்மா, ஒரேயடியாவா எடுப்பே?” என்றார் பதிப்பாளர்.

“ஆசிரியர் குறிப்புல ஒண்ணு வச்சிருக்கேனே சார். நம்ம விதிப் புத்தகம் அப்படித்தான் சொல்லுது. முன்னாடி முனைவர், பின்னாடி பிஎச்.டி.ன்னா ஒரே தலைக்கு ரெண்டு தொப்பி. போன்ல படிக்கிறவங்களுக்கு இவர் பேரே மூணு வரி ஓடுது. போன மாசம் உங்க மச்சானுக்கே வெட்டினேன். இவருக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?”

“பட்டம் வாங்காதவளுக்கு அதோட அருமை எங்க தெரியப்போகுது?” பேராசிரியர் இளக்காரமாகச் சிரித்தார். “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த வேலைக்கு வருமுன் ஆறு வருடம் பல்கலைக்கழக வாசலில் டைப்பிங் கடை வைத்திருந்தவள் அவள். பெரிய மனிதர்கள் அங்கே நேரில் வரமாட்டார்கள், ஆள்தான் அனுப்புவார்கள். இவர்களுடைய ஜம்பம் அவளுக்குப் புதிதில்லை.

“ஒண்ணு இவ இருக்கணும், இல்ல என் புத்தகம் இருக்கணும். முடிவு பண்ணிக்குங்க!”

பதிப்பாளர் நெளிந்தார். கல்லூரிகளில் விலைபோகிற ஒரே புத்தகம் அது. அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“அந்த விதிவிலக்குத் தாளைக் கொடும்மா, சார் எழுதிக் கொடுக்கட்டும். நீயும் வேற இடம் பாத்துக்க.”

அவ்வளவுதான், ஆறுதலுக்குக்கூட ஒரு வார்த்தை இல்லை. அவள் தாளை எடுத்து நீட்டினாள். விதி வேண்டாம் என்கிற ஆசிரியர், பட்டம் வாங்கித்தந்த ஆய்வேட்டின் முழுத் தலைப்பைத் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லா ஆசிரியருக்கும் இதே தாள்தான்.

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். மோட்டுவளையைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

“வருஷமாச்சில்ல... மரியாதையப் பத்தி என்னமோ...”

“என்னமோவா?” அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையே போயாயிற்று, இனி யாருக்குப் பயம்? “வணிகக் கடிதங்களில் மரியாதைச் சொற்கள், வளர்ச்சியும் தேய்வும். பின்னிணைப்போட முன்னூத்திப் பன்னெண்டு பக்கம். எழுதிக்குங்க.”

பேராசிரியர் எழுதவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. பதிப்பாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதெல்லாம் உனக்கெப்படிம்மா தெரியும்?”

“எழுதினவளுக்குத் தெரியாதா சார்?”