பின்னால் ஸ்பிரிங் வேண்டாம்

லாரி மெக்கானிக் கிழவர் குனிந்து, சைக்கிளின் பின்பக்க ஸ்பிரிங்கை விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இதைக் கழட்டிட்டுக் குடு."

கடைக்காரத் தம்பி சிரித்தான். முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் இருந்தால்தான் மலைக்கு நல்லது, மெத்தையில் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கும் என்றான்.

கிழவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருஷம் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தவர். இந்த விலைக்குக் கொடுக்கிற பின் ஸ்பிரிங் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று அவருக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. ஆறு மாசத்தில் லொடலொட என்று ஆடும். மேட்டில் மிதிக்கிற மிதியில் பாதியை அதுவே தின்றுவிடும். மிச்சம் வெறும் கனம்.

பக்கத்தில் நின்ற சர்வேயர் ஆமாம் என்று தலையாட்டினார்.

அவர் தலையாட்டியதும் கிழவருக்குத் தான் சொன்னதன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

சைக்கிள் பேத்திக்கு. கிழவர் அவள் அப்பாவைப் பெற்றவர். சர்வேயர் அம்மாவைப் பெற்றவர். பதினாலு வருஷமாக ஒருவர் சொன்னதை மற்றவர் நம்பியதில்லை. இன்றைக்கு என்னவோ, ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு ஒரே கவரில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். உசத்தியான சரக்குக்கு அது எட்டாது. மட்டமான சரக்கை இருவருமே தொடமாட்டார்கள்.

பேத்தி பள்ளிக்கூடத்து மலைச் சைக்கிள் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். சர்வேயர் வீட்டுப் பக்கம் வழவழவென்று தார் ரோடு. கிழவர் வீட்டுக்குப் போகச் சரளையும் பள்ளமும் ஒரு செங்குத்தான மேடும். ஒரே சைக்கிள் ரெண்டு வீட்டுக்கும் என்னோடு வரணும், ஒரு வீட்டில் விட்டுவிட்டு வா என்றால் எனக்குச் சைக்கிளே வேண்டாம், போட்டியும் வேண்டாம் என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிற பெண். போட்டியில் கொடுத்த பெயரை அடிக்கச் சொல்லி நாளைக்குக் காலையில்கூடப் போய் நிற்பாள்.

இதெல்லாம் தெரியாத தம்பி ஒரு யோசனை சொன்னான். இதே காசுக்கு இரண்டாகவே எடுத்துக்கொள்ளலாமே. தார் ரோட்டுக்கு மெல்லிசு டயர் போட்டது ஒன்று, மேட்டுக்கு மலிவாக ஒன்று. வீட்டுக்கு ஒன்று ஆகிவிட்டது, தகராறு இல்லை பாருங்கள் என்றான்.

"ஒண்ணுதான்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். டியூப் வாங்க வந்த பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வேலை சூடு பிடித்தது. கம்பி பிரேக்கை கிழவர் ஒதுக்கினார். சேறு பட்டால் இழுத்து இழுத்துக் குழந்தைக்குக் கை போய்விடும், ஆயில் பிரேக்தான். முன்னால் மூன்று பல்சக்கரம் வைத்ததையும் ஒதுக்கினார். சங்கிலி கழன்று விழ மூன்று வாசல் எதற்கு?

சர்வேயர் டேப்பை எடுத்து, தரையிலிருந்து நடுக்கம்பி வரை எல்லாவற்றையும் மனை அளப்பது போல அளந்தார். பேத்தியின் கால் உயரம் அவர் சட்டைப்பையில் சீட்டாக இருந்தது. கிழவருக்கு மனப்பாடம். இரண்டுக்கும் அரை அங்குலம் இடித்தது.

"செருப்போட நிக்க வச்சு அளந்தீங்களா, இவரே?" என்றார் சர்வேயர்.

கிழவர் செருப்போடுதான் அளந்திருந்தார்.

கடைசியில் மூலையில் நின்ற சாம்பல் நிறச் சைக்கிளிடம் வந்து சேர்ந்தார்கள். முன்னால் மட்டும் ஸ்பிரிங், பின்னால் விறைப்பான கம்பி. முன் ஸ்பிரிங்கின் தலையில் ஒரு சின்னத் திருகு. திருகினால் பூட்டிக்கொள்ளும், தார் ரோட்டுக்கு. திறந்துவிட்டால் சரளைக்கு. டயரில் நடுவே நெருக்கமான கட்டை, ஓரத்தில் மண்ணைக் கவ்வுகிற முள்.

இதற்குப் பெயர் ஹார்ட்டெயில், விறைப்பு வால் என்றான் தம்பி. வாலைப் பற்றி யார் கேட்டார்கள், ஓட்டிப் பார்க்கணும் என்றார் கிழவர்.

தம்பி தயங்கினான். அவர் வயதைப் பார்த்தான்.

"குடுப்பா. அவர் குட்டை, பேத்தி உயரம்தான் இருக்கார். அது இன்னைக்குத்தான் உபயோகப்படுது. நான் ஏறினா முட்டி காதுல இடிக்கும்," என்றார் சர்வேயர்.

கிழவர் ஏறினார்.

கடையை அடுத்த பாலத்து ஏற்றத்தில் ஸ்பிரிங்கைப் பூட்டிக்கொண்டு மிதித்தார். மிதித்த மிதி அத்தனையும் சக்கரத்துக்குப் போனது, ஒரு சொட்டு வீணாகவில்லை. உச்சியில் பூட்டைத் திறந்தார். திரும்பி இறங்கி, குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த கல்லிலும் மண்ணிலும் நேராக விட்டார். சர்வேயர் தெருவின் நடுவே போய் நின்று, கையை நீட்டி ஒரு வேனையே நிறுத்திவிட்டார். வேன்காரன் திட்டியது அவர் காதில் ஏறவில்லை.

முன்சக்கரம் குதித்தது. கைப்பிடி குதிக்கவில்லை. பின்சக்கரம் கல்லைக் கடித்துத் தள்ளியது. சங்கிலி இடத்தை விட்டு அசையவில்லை.

எழுபத்தொரு வயதுக் கிழவர் கடை வாசலில் பிரேக் போட்டு, ஒற்றைக் காலை ஊன்றி ராஜா மாதிரி நின்றார். மூச்சு வாங்கியதை மட்டும் மீசைக்குள் ஒளித்துக்கொண்டார்.

சர்வேயர் கவரை எடுத்து நீட்டினார். இந்த முறை கிழவர் அவரைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை.

பில் போட்டுக்கொண்டே தம்பி பேச்சுக் கொடுத்தான். இந்த மாதிரி ஒற்றுமையாக வந்து வாங்குகிற சம்பந்திகளை இந்தக் கடையில் பார்த்ததே இல்லை என்றான்.

"பிள்ளைங்களுக்கு நேத்துத்தான் கோர்ட்டுல டைவர்ஸ் தீர்ப்பாச்சு. அதுவரைக்கும் சம்பந்திதான்," என்றார் கிழவர்.

தம்பியின் பேனா நின்றது. அப்படியானால் இப்போது என்ன உறவு என்று கேட்கவும் முடியாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல் விழித்தான்.

சர்வேயர் இடது கைப்பிடியைப் பிடித்தார். கிழவர் வலது கைப்பிடியைப் பிடித்தார்.

"இப்போ கூட்டா ஒரு சைக்கிள் வச்சிருக்கோம்," என்றார் சர்வேயர். "வழி விடு."